விலா முறிந்தவரின் நெஞ்சைக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் தன் தாத்தாவைப் பற்றிக் கேட்டிருந்தார். தாத்தாவுக்கு 76 வயது, படியில் தவறி விழுந்து இடப்பக்கம் இரண்டு விலா எலும்புகளில் முறிவு, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது கேள்வி. அகலமான துணியால் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள், மூன்று வாரம் அசையாமல் படுக்க வையுங்கள், இருமல் வந்தால் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் வந்திருந்தது.

நான் 34 ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் 19 ஆண்டுகள் நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டில். அந்த மூன்று யோசனைகளும் தவறு. தவறு என்பதைவிட, அந்த வயதில் உயிருக்கே ஆபத்தானவை. அதனால்தான் அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

பதில் எழுதியவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் செய்தார்கள். முதுகெலும்பிலிருந்து மார்பெலும்பு வரை அகலமான பிளாஸ்டரை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அனுப்புவார்கள். யோசித்தால் அதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். கை முறிந்தால் அசையாமல் கட்டுகிறோம், கால் முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம், விலா முறிந்தால் மட்டும் ஏன் கட்டக்கூடாது? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு.

கையை ஆறு வாரம் சும்மா வைத்திருக்கலாம். நெஞ்சை ஆறு நிமிடம்கூட அப்படி வைக்க முடியாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600 தடவை அந்த எலும்புகள் ஏறி இறங்குகின்றன. அந்த அசைவை நிறுத்தினால் வலி குறையும், உண்மைதான். கூடவே மூச்சும் குறைந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் தங்கள் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். தொண்டைக்குக் கீழே ஒரு குழி இருக்கும். அதிலிருந்து விரலை மெதுவாகக் கீழே இறக்கினால் இரண்டு அங்குலத்துக்குள் எலும்பில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. அங்கிருந்து பக்கவாட்டில் போனால் கிடைப்பது இரண்டாவது விலா. மருத்துவ மாணவர்கள் எல்லோரும் விலாவை எண்ணத் தொடங்குவது இங்கிருந்துதான், ஏனென்றால் முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

மொத்தம் 12 ஜோடி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே எண்ணிக்கைதான். பெண்ணுக்கு ஒன்று கூடுதல் என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். மேலே உள்ள ஏழு ஜோடிகள் தங்கள் சொந்தக் குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்பில் போய்ச் சேர்கின்றன. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் தனக்கு மேலே உள்ளதன் குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசி இரண்டு ஜோடிகளுக்கு முன்பக்கம் பிடிப்பே கிடையாது, தசைக்குள் முடிந்துவிடும். எல்லா விலாக்களுமே முதுகிலிருந்து முன்பக்கம் சரிந்து இறங்குகின்றன. மூச்சை இழுக்கும்போது வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல அவை பக்கவாட்டில் எழும்புகின்றன. அதே நேரம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது. நெஞ்சுக்குள் இடம் பெரிதாகிறது, காற்று உள்ளே வருகிறது.

நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி இல்லை என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். அதை இழுத்து விரிக்கும் தசை அதற்குள் கிடையாது. நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை, நெஞ்சுச் சுவரின் உட்புறம் இன்னொரு உறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு படலம் அளவுக்கு ஈரம். நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிவிட்டுப் பிரித்துப் பாருங்கள், வழுக்கும், ஆனால் பிரியாது. அதுபோலத்தான் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொண்டு அது போகும் இடமெல்லாம் போகிறது. சுவர் விரிந்தால் நுரையீரல் விரியும். சுவரைக் கட்டிவிட்டால் நுரையீரலையும் கட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

அப்புறம் நடப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றே போகாது, அங்குள்ள சின்னச் சின்னக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். இருமாததால் சளி வெளியே வராது. தேங்கிய சளியில் கிருமி வளரும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல். விலா முறிந்த முதியவர்களில் இறப்பவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது அந்த எலும்பு கிடையாது. நிமோனியாதான்.

ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியாது. 71 வயது. ஸ்டூலில் ஏறி விளக்கை மாற்றப்போய் விழுந்தவர். இடப்பக்கம் நான்கு விலா. முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், வீட்டுக்கே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பிவிட்டார். ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். சட்டையைக் கழற்றினால் உள்ளே எலாஸ்டிக் பெல்ட், அதற்கு மேல் ஒரு துணிக்கட்டு. அவிழ்த்தபோது தோலில் துணியின் மடிப்புகள் அப்படியே பதிந்திருந்தன. அவருடைய மகள் அந்தக் கட்டை ஒவ்வொரு காலையும் இறுக்கிக் கட்டியிருக்கிறார், அப்பாவுக்கு வலிக்கக்கூடாது என்ற பாசத்தில். இரண்டு வாரம் செயற்கை சுவாசம் தேவைப்பட்டது. பிழைத்தார். ஆனால் திரும்ப நடக்க மூன்று மாதம் ஆனது. அவர் மகள் என்னிடம், "யாராவது ஒருத்தர் முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வயதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2000-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் இறக்கும் வாய்ப்பு 19 சதவீதமும் நிமோனியா வரும் வாய்ப்பு 27 சதவீதமும் கூடுவதாகச் சொன்னது. இருபது வயதுப் பையனுக்கு ஒரு விலா முறிவது சில வார வேதனை. அதே முறிவு 76 வயதில், அதுவும் புகைபிடித்துப் பழகிய நுரையீரலில், முற்றிலும் வேறு நோய். "விலாதானே" என்ற சொல்லை முதியவர்கள் விஷயத்தில் யாரும் சொல்ல வேண்டாம்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். போன ஆண்டு, என் 64-ஆவது வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலப்பக்கம் தொட்டியின் விளிம்பில் இடித்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "முறிவு எதுவும் இல்லைம்மா, வெறும் அடிதான்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் ஏழாவது விலாவிலும் எட்டாவது விலாவிலும் புது எலும்பு திரண்டு தெளிவாகத் தெரிந்தது. அந்த முதல் படத்தைப் பார்த்த மருத்துவர்மேல் கோபம் இல்லை. விலகாத விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது மிகச் சகஜம். சிடி ஸ்கேன் கூடுதலாகக் காட்டும், ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், படத்தில் முறிவு தெரியவில்லை என்பதால் முறிவே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான். நுரையீரலில் காற்றுக் கசிவோ ரத்தமோ இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த முதல் படம் முக்கியம்.

அந்த மூன்று வாரத்தில் தும்மல் என்றாலே எனக்கு நடுக்கம். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் உண்டு. அதில் ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. முறிந்த முனை அசையும்போதெல்லாம் பக்கத்தில் ஓடும் அந்த நரம்பும் சேர்ந்து அலறுகிறது. (நெஞ்சிலிருந்து நீர் எடுக்கும் மருத்துவர்கள் ஊசியை எப்போதும் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிச் செலுத்துவதும் இந்த மூன்றையும் காயப்படுத்தாமல் இருக்கத்தான்.) 34 ஆண்டுகளாக நோயாளிகளிடம் "நன்றாக மூச்சை இழுங்கள், பலமாக இருமுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். வலி மருந்து இல்லாமல் அது நடக்கிற காரியமே இல்லை என்று என் விலா முறிந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. எத்தனை பேரிடம் மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே போய் நின்று இருமச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எனவே அந்தப் பதிலில் முதலில் வந்திருக்க வேண்டியது வலி மருந்து. பலர் அதை ஏதோ சொகுசுபோல நினைக்கிறார்கள், "பொறுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். விலா முறிவில் வலி மருந்துதான் சிகிச்சை. வலி குறைந்தால்தான் ஆழமாக மூச்சு விட முடியும், ஆழமாக மூச்சு விட்டால்தான் நுரையீரல் பிழைக்கும். வலி தாங்க முடியாமல் போன பிறகு விழுங்காமல், மருத்துவர் சொன்ன மணிக்கணக்கில் எடுக்க வேண்டும். பாராசிட்டமால்தான் பெரும்பாலும் அடிப்படை. இபுபுரூஃபன் வகை மருந்துகளைச் சிறுநீரகப் பிரச்சினையோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை போதாதவர்களுக்கு மருத்துவமனையில் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து செலுத்தும் வழிகள் இருக்கின்றன. முதுகுத்தண்டு வழியாகவும் கொடுப்பார்கள். வலியில் மூச்சே விட முடியாத முதியவருக்காக இதைக் கேட்டு வாங்குங்கள். எலும்புகள் பல இடத்தில் உடைந்து விலகியிருந்தால் உலோகத் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்வதும் உண்டு, அது சிலருக்கு மட்டும்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் எழுந்து உட்கார வேண்டும். படுத்தே கிடந்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி அமுங்கிப்போகும். தூங்கும்போதும் தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்த நிலையில் தூங்குவது நல்லது. மூக்கு வழியாக மெதுவாக, முடிந்த மட்டும் ஆழமாக மூச்சை இழுத்து, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை. மூச்சுப் பயிற்சிக்கென்று மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை மருத்துவமனையில் கொடுத்திருந்தால் அதிலும் செய்யலாம், ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். கருவி இல்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம். இருமல் வந்தால் அடக்கவே கூடாது. ஒரு தலையணையை வலிக்கும் இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். அந்த அணைப்பு இருமும் அந்த ஒரு நொடிக்கு மட்டும். அதையே நாள் முழுக்கக் கட்டி வைத்தால்தான் கெடுதல். பலமாக இருமப் பயமாக இருந்தால், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, வாயைத் திறந்து "ஹா" என்று, அப்படி இரண்டு மூன்று தடவை ஊதினாலே சளி மேலே ஏறிவிடும். முடிந்த அளவு நடக்கவும் வேண்டும். எலும்பு சேர ஆறு வாரம் போல ஆகும், வலி சிலருக்கு மூன்று மாதம் வரைகூட நீடிக்கும். அது பயப்பட வேண்டிய அறிகுறி இல்லை.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? விலாக்கூடு நெஞ்சை மட்டும் மூடியிருக்கவில்லை. அதன் கீழ்ப்பகுதிக்குள் வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் இருக்கின்றன, பின்புறம் சிறுநீரகங்கள். ஒன்பதாவது விலாவுக்குக் கீழே அடிபட்டால் மருத்துவர் வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்ப்பது இதனால்தான். உங்கள் வாசகரின் தாத்தாவுக்கு இடப்பக்கம் அடி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தோளில் எந்த அடியும் இல்லாமல் இடது தோள்பட்டையின் நுனியில் வலி வந்தால், அல்லது தலை சுற்றி வியர்த்தால், உடனே கிளம்ப வேண்டும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. மண்ணீரலிலிருந்து கசியும் ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டால், அதே கழுத்து நரம்புகள் உணர்வு தரும் தோளில் வலி எடுக்கும். விழுந்து சில நாள் கழித்தும் இது நடக்கலாம்.

மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போவது, உதடு நீலமாவது, இருமலில் ரத்தம், காய்ச்சல் இவையும் காத்திருக்கக் கூடாதவை. தோலை அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று காற்றுக்குமிழி உடைவது போலத் தெரிந்தால் நுரையீரலிலிருந்து காற்று கசிகிறது என்று பொருள். அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்ந்துகொண்டே போனால் நுரையீரலோடு இதயத்தையும் அழுத்தி நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். பெரிய விபத்துகளில் அடுத்தடுத்த மூன்று விலாக்களோ அதற்கு மேலோ ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் உடைந்திருக்கும். அப்போது சுவரின் அந்தத் துண்டு தனியாகக் கழன்று, மூச்சை இழுக்கும்போது உள்ளே போகும், விடும்போது வெளியே வரும். அதைப் பார்த்தால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. கத்தியோ கம்பியோ நெஞ்சில் குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

குழந்தைகள் விஷயம் நேரெதிர். அவர்களுடைய விலா இளங்கொம்பு போல வளையும், எளிதில் முறியாது. உள்ளே நுரையீரல் நசுங்கிக் கன்றிப்போயிருக்கும், எலும்பு மட்டும் நன்றாக இருக்கும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது.

இன்னொரு பயத்தையும் இங்கே தீர்த்துவிட ஆசை. யாராவது மயங்கி விழுந்து, மூச்சு நின்று, நெஞ்சை அழுத்த வேண்டிய நேரத்தில் "விலா முறிந்துவிடுமே" என்று கையைப் பின்னுக்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். முறியத்தான் செய்யும், பலருக்கு முறியும். பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தினால் குருத்தெலும்பு நொறுங்கும் சத்தம் கைக்கே தெரியும். அதற்காக நிறுத்தாதீர்கள். முறிந்த விலாவை என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம், நின்ற இதயத்தை அந்த நிமிடம் பக்கத்தில் இருப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும். பந்து விளையாடும் மைதானத்திலும் இதை எல்லோரும் கற்றிருக்க வேண்டும். பந்து வேகமாக வந்து நெஞ்சில் பட்டதும் ஆரோக்கியமான சிறுவன் நிலைகுலைந்து விழுவது அபூர்வமாக நடக்கிறது. இதயத் துடிப்பின் சுழற்சியில் மிகக் குறுகிய ஒரு கணத்தில் அந்த அடி விழுந்தால் துடிப்பின் ஒழுங்கு கலைந்துவிடும். எலும்பில் கீறல்கூட இருக்காது. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, மின் அதிர்ச்சிக் கருவியைச் சில நிமிடங்களுக்குள் கொண்டுவந்தால் காப்பாற்றலாம்.

சீட் பெல்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பெல்ட் அழுத்தி மார்பெலும்பு முறிந்தவர்கள் வார்டில், "பெல்ட் போடாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காதே" என்பார்கள். 1959-இல் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வோல்வோ காருக்காக வடிவமைத்த மூன்று முனை பெல்ட்தான் இன்று எல்லாக் கார்களிலும் இருக்கிறது. மோதலின் வேகத்தைக் காறை எலும்பு, மார்பெலும்பு, இடுப்பெலும்பு என்று தாங்கக்கூடிய எலும்புகளின் மேல் அது பகிர்ந்து விடுகிறது. மார்பெலும்பு முறிந்தவர்களுக்கு இசிஜி எடுத்து இதயத்தில் அடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பெரும்பாலானவர்கள் நலமாக வீடு திரும்புவார்கள். பெல்ட் போடாதவர்களில் பலரை என் வார்டுக்கு அனுப்பும் தேவையே வந்ததில்லை.

ஆசிரியரிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். அந்தப் பதிலுக்கான திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். என் கடிதம் நீளமாகிவிட்டது என்று நினைத்தால் சீட் பெல்ட், பந்து எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். கட்டக்கூடாது, உட்கார வேண்டும், வலி மருந்தோடு ஆழமாக மூச்சு விட வேண்டும், இருமலை அடக்கக்கூடாது என்ற பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இரண்டாவது கோரிக்கை அவசரமானது. கேள்வி கேட்ட அந்த வாசகரின் தொலைபேசி எண்ணோ முகவரியோ உங்கள் அலுவலகத்தில் இருக்கும். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் இன்றே அவரைக் கூப்பிடுங்கள். தாத்தாவின் நெஞ்சில் கட்டு இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். அவரை எழுப்பி உட்கார வைத்து, காய்ச்சல் இருக்கிறதா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்